பயற்றங்கொடியும் இருபத்திரண்டு நாளும்

என் கணவர் ஸெய்னுதீன் மௌத்தாகிப் பத்தொன்பதாம் நாள், அவர் கடைசியாக ஊன்றிய பயற்றங்கொடியில் அழுக்கணவன் பிடித்தது. நான் அதை யன்னலால்தான் கண்டேன். இத்தாவில் இருக்கிறவள் வேறு எதனால் காண்பது?

கொழுந்தெல்லாம் கரி பூசினது மாதிரிக் கறுத்துக் கிடந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். மகன் நிப்றாஸிடம் ஒரு கொழுந்தைக் கிள்ளி வரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஊசி குத்த இடமில்லாமல் கறுப்புப் பேன்கள் நெருங்கி உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தன. இலை பிசுபிசுத்தது. அதோடு வந்த எறும்பொன்று என் விரலைக் கடித்தது.

தோட்டம் ஒன்றும் தூரத்தில் இல்லை. அவர் படுத்திருந்த அறையின் யன்னலிலிருந்து பத்து எட்டு வைத்தால் கொடியைத் தொடலாம். ஆனால் அந்தப் பக்கம் மதில் இல்லை, கம்பி வலை மட்டும்தான். வலைக்கு அப்பால் ஒழுங்கை. பள்ளிக்குப் போகிற ஆண்களும் துறைக்குப் போகிற ஆண்களும் அதால்தான் போவார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். நான் வெளியே கால் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை றஹ்மா பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்திருந்தாள். யன்னல் திரையை நான் ஒரு சாண் விலக்கினால் அவள் அரைச் சாண் மூடுவாள்.

எனக்கு அந்தக் கொடி எப்படியாவது காய்க்கவேண்டும். அவர் ஸ்டூலில் குந்தியிருந்து, மூச்சு வாங்க வாங்க, விரலால் குழி தோண்டி ஊன்றிய விதை. அதற்குப் பிறகு மூன்றாம் நாள் படுக்கையில் விழுந்தவர் எழும்பவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு நான் ஒரு பெரிய குற்றம் செய்திருந்தேன். இதையாவது ஒழுங்காகப் பார்த்தால் அந்தக் கணக்கில் கொஞ்சமாவது குறையும் என்று என் புத்தி சொன்னது.

குற்றத்தைச் சொல்லுமுன் அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் தோப்பூர் வயல்களில் பதினெட்டு வருசம் கூலிக்குப் பூச்சிமருந்து அடித்தவர். முதுகில் டாங்கியைக் கட்டி, சாரத்தை மடித்துக்கொண்டு, மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் வரப்பில் நடப்பார். கூட நடப்பவர் முஹம்மது தம்பி. பேரே அதுதான். ஐம்பத்தாறு வயதிலும் ஊருக்கெல்லாம் அவர் தம்பிதான். இரண்டு பேரும் ஒரே போத்தலைத் திறந்து, ஒரே வாளியில் தடியால் கலக்கி, ஒரே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரிந்தவர்கள். பிறகு இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகியது. மருந்தால்தான் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. அவரே முடிவு கட்டிக்கொண்டார். திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யக் கிழமைக்கு இரண்டு தரம் போகவேண்டும் என்றானதும், கிண்ணியாவில் என் உம்மா எனக்குத் தந்த வீட்டு வளவுக்கு வந்தோம். முஹம்மது தம்பியும் குடும்பத்தோடு பின்னாலேயே வந்து சந்தியில் சைக்கிள் கடை போட்டார்.

இங்கே வந்த முதல் கிழமையே இவர் சொன்னார், இந்த வளவுக்குள் ஒரு சொட்டு நஞ்சு விழக்கூடாது என்று. பத்துக் கத்தரி, வெண்டி, மிளகாய், பாகல், பயற்றங்காய்ப் பந்தல். பூச்சிக்கு அவர் வைத்தியமே வேறு. வேப்பங்கொட்டையை என் உரலில் போட்டு இடித்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பழைய சாரத்தால் வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் சீவிப் போட்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இலைக்கு அடியில் தெளிப்பார். பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். தகரத்துக்கு மஞ்சள் பெயின்ற் அடித்துக் கிறீஸ் பூசித் தொங்கவிடுவார், வெண் ஈ வந்து ஒட்டும். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அந்த உரலில் அதற்குப் பிறகு சம்பல் இடித்தால் ஒரு மாதத்துக்குக் கசந்தது. நான் ஏசாத ஏச்சு இல்லை. அவர் சிரித்துக்கொண்டு அந்தச் சம்பலையும் தின்பார்.

நான் பொறுமைசாலி இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முஹம்மது தம்பி ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவார். இரண்டு பேரும் தோட்டத்தில் குந்திக்கொண்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கதைப்பார்கள். இவர் படுக்கையில் விழுந்த பிறகு கட்டிலடியில் கதிரை போட்டுக் கதை. என்ன கதை? புழுக் கதை, பூச்சிக் கதை. இவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த மனுசன் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் கஞ்சியோடு போய் நின்றால், "ஏலாது நிஸா, கதைக்க மூச்சு இல்ல" என்பார். முப்பத்தொரு வருசம் வாழ்ந்தவள் நான். எனக்கு இல்லாத மூச்சு அந்தச் சைக்கிள்கடைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? எனக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில், வருத்தக்காரருக்குக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று. ஒரு பின்னேரம் கேற்றடியிலேயே முஹம்மது தம்பியை மறித்தேன்.

"தம்பி, அவருக்கு ஆக்களோட கதைக்க ஏலாது. அவரே சொல்லிட்டார், ஒருத்தரையும் விடவேணாம் எண்டு."

"என்னையுமா மதினி?"

"ஓம். உங்களையும்தான்."

அந்த மனுசன் சைக்கிளைத் திருப்பினார். அடுத்த நாளும் வந்தார். அடுத்த நாளும். நான் அதே பதிலைச் சொன்னேன். உள்ளே அஸர் பாங்கு கேட்டதும் இவர் தலையைத் திருப்பிக் கேட்பார்.

"தம்பி வரல்லியா நிஸா?"

"வரல்ல."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? கடையில சோலியாக்கும்."

இப்படி இருபத்திரண்டு நாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவர் கேட்கத் தவறவில்லை, நான் பொய் சொல்லத் தவறவில்லை. கடைசி நாள் காலையில் ஓட்டோவில் டயலிசிஸுக்குக் கொண்டு போனோம். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்தவர் கேட்டார், "நேத்தும் தம்பி வரல்லியா?" என்று. நான் "வரல்ல" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

தன் சிநேகிதன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவர் போனார். ஸெய்னுதீன் தன்னை வேண்டாம் என்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சிநேகிதன் இருக்கிறார். இரண்டுக்கும் காரணம் நான். இது எனக்கு மட்டும் தெரியும். ஜனாஸாத் தொழுகைக்கு முன் நிப்றாஸ் சபையைப் பார்த்து, "வாப்பா யாருக்காவது மனம் நோகச் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்டானாம். முஹம்மது தம்பி மட்டும் சத்தமாக, "எனக்கு அவரில ஒரு கோவமும் இல்ல" என்று சொல்லி அழுதாராம். மகன் வந்து அதைச் சொன்னபோது வெள்ளைச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தேன்.

இப்படிப்பட்டவள்தான் அழுக்கணவனோடு சண்டைக்குப் போனேன்.

அவர் செய்ததை எல்லாம் பார்த்தவள்தானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். பார்த்தது வேறு, கவனித்தது வேறு என்பது அப்போது விளங்கவில்லை. யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு நிப்றாஸை ஏவினேன். அவன் பட்டணத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறவன். ஆணி, பூட்டு, பைப் எல்லாம் தெரியும். இலையில் எது தலை எது வால் என்று தெரியாது.

"உம்மா, கறுப்புப் பேன் மட்டும் இல்ல. வேற ஒரு சாமானும் ஊருது."

"என்ன மாதிரி?"

"கறுப்பு. முதுகில செம்மஞ்சள் புள்ளி. ஆறு கால், முள்ளு முள்ளா இருக்கி. சின்ன முதலை மாதிரி. பேனுக்குள்ளதான் நிக்குது."

ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் கூசியது. இவ்வளவு அருவருப்பான ஒன்று நல்லதாக இருக்குமா? பேன் சாறு குடிக்கிறது, இது இலையைத் தின்கிறது, இரண்டும் கூட்டுக் களவு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "ஊருறதெல்லாம் பூச்சிதான். பொறுக்கிப் போடு போத்தலுக்க" என்றேன். ஜாம் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பேன் சின்னது, பொறுக்க ஏலாது. அந்த முள்ளுப் பூச்சியோ கண்ணுக்குத் தெரிகிற அளவு. மூன்று நாள் விடிய எழும்பி அவன் அதைத்தான் பொறுக்கினான். போத்தல் அரைவாசிக்கு வந்தது. நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உண்மையிலேயே சந்தோசப்பட்டேன்.

பேனுக்கு வேப்பங்கொட்டைத் தண்ணீர் அடித்தோம். அதிலும் என் அவசரம். ஒரு நாள் ஊறவேண்டியதை ஒரு மணித்தியாலம்தான் ஊறவிட்டேன். சீவிப் போடவேண்டிய சவர்க்காரத்தில் அரைக்கட்டியைப் போட்டேன். நிப்றாஸுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அரை நாள் லீவு என்பதால் ஜும்ஆ முடிந்து வந்து, வெயில் உச்சியில் நிற்க, இலைக்கு மேலே அடித்தான். அடுத்த நாள் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. இலைக்கு அடியில் இருந்த பேனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாளில் கொழுந்து, பூக்காம்பு, பிஞ்சு எல்லாவற்றையும் கறுப்பு மூடிவிட்டது. எறும்புகள் கம்பிலே வரிசை கட்டி ஏறின. பூ விரிய முன் உதிர்ந்தது. பன்னிரண்டு கொடியில் ஐந்து வாடி விழுந்தது. நான் யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "மதினி, செடிக்கு அழுறீங்களா, மௌத்தான என்ட கூடப்பிறந்த காக்காவுக்கு அழுறீங்களா?" என்று றஹ்மா கேட்டாள்.

முப்பத்துமூன்றாம் நாள் நிப்றாஸ் வேலையால் வரும்போது கையில் ஒரு பேப்பர்ப் பை. உள்ளே சின்னப் போத்தல், மூடியில் சிவப்பு. நான் அந்தப் போத்தல்களோடு பதினெட்டு வருசம் குடித்தனம் நடத்தியவள். மணமே போதும்.

"என்ன அது?"

"உம்மா, ஒரேயொரு தரம். ஒரு மூடிதான். நீங்க அழுறதப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

"உங்கட வாப்பாட கபுறு மண் இன்னும் காயல்ல. நீ அந்தப் போத்தலத் தூக்கிக்கொண்டு இந்தப் படி ஏறுறாயா?"

அவனை அப்படி நான் ஏசினதே இல்லை. பாவம், அவன் அழுதுவிட்டான். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, படியில் குந்திக்கொண்டு கண்ணைத் துடைத்தான். பிறகு சொன்னான்:

"அப்ப நான் என்ன செய்ய? முஹம்மது தம்பி மாமாட்டயாவது கேக்கட்டா? வாப்பாவும் அவரும்தானே எல்லாம் செஞ்சவங்க. அவர் ஏன் வீட்டுப் பக்கமே வாறாரில்ல எண்டும் எனக்கு விளங்கல்ல."

அந்த மனுசன் வந்தால் ஒரு நாளைக்குக் கதை வெளியே வரும். மகனுக்குத் தெரியும், றஹ்மாவுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். வராவிட்டால் கொடி செத்துப்போகும். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வெகுநேரம் பாயிலேயே இருந்தேன். பிறகு, "போய்க் கூட்டி வா" என்றேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். நிப்றாஸ் கொடியைக் காட்டுவது கேட்டது, முஹம்மது தம்பி இலைகளைத் திருப்புவது கேட்டது. பிறகு மகன் பெருமையோடு ஜாம் போத்தலை எடுத்துக் கொடுத்தான்.

"பாருங்க மாமா, மூணு நாள் பொறுக்கினனான்."

நான் திரையின் ஓரத்தால் பார்த்தேன். அந்த மனுசன் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகன், இது பொறிவண்டுட குஞ்சு."

"அப்பிடியெண்டா?"

"சிவப்பில கறுப்புப் புள்ளி போட்ட வண்டு தெரியும்தானே? அதுட குஞ்சு இது. இலையத் திங்காது. இந்தப் பேனத்தான் திங்கும். ஒண்டு ஒரு நாளைக்கு அம்பது பேன் திங்கும். இதுவள் பேனுக்குள்ள நிண்டது பேனோட கூட்டுச் சேர இல்ல. சாப்பிட."

அவர் தொடர்ந்து சொன்னார்:

"இதுவள் சும்மா வந்ததும் இல்ல மகன். கடற்கரைப் பக்கம் எருக்கலையில மஞ்சள் பேன் பிடிக்கும். அதைத் திங்க இதுவள் வரும். உங்கட வாப்பாவுக்கு நடக்க ஏலாமப் போன பொறகு, நான்தான் வெறும் மருந்துக் குளிசைப் பெட்டியில பிடிச்சிக்கொண்டு வருவன். கட்டிலடியில வச்சித் திறந்து அவருக்குக் காட்டிட்டு, கொண்டுபோய்க் கொடியில விடுவன். அதுவள் வண்டாகிப் போட்ட முட்டையில வந்ததுதான் இதுவள். இண்டைக்கு இத்தினை எண்டு எண்ணுவார். ஒண்டு கையில ஏறினாச் சின்னப் புள்ள மாதிரிச் சிரிப்பார்."

அதுதான் அந்தப் பூச்சிக் கதை. நான் கஞ்சிக் கோப்பையோடு கதவடியில் நின்று பொறாமைப்பட்ட சிரிப்பும் அதுதான். அவர் வளர்த்ததை நான் மூன்று நாளில் சவர்க்காரத் தண்ணீரில் முக்கிக் கொன்றிருக்கிறேன்.

முஹம்மது தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தெரியாமச் செஞ்சது" என்று மகனின் தோளில் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். மோசமாகப் போன கொழுந்துகளை முறித்துப் புதைத்தார். மற்றவற்றில் பைப்பால் தண்ணீரைப் பீச்சிப் பேனைக் கழுவி விழுத்தினார். "முதல்ல எறும்ப நிப்பாட்டோணும். பேன் கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், வண்டக் கடிச்சித் துரத்தும்" என்று சொல்லிப் பந்தல்கால்களில் கிறீஸ் தடவிய துணியைச் சுற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். சட்டைப்பையில் ஒரு குளிசைப் பெட்டி. வலையைத் தாண்டி உள்ளே வந்து, நாலோ ஐந்தோ குஞ்சைக் கொடியில் விட்டுவிட்டுப் போவார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார், என் இத்தாவுக்கு மரியாதை.

இரண்டு கிழமையில் மிச்சம் இருந்த ஏழு கொடியும் பச்சை பிடித்தது. பூ உதிராமல் நின்றது. விரல் நீளத்தில் பிஞ்சுகள் தொங்கின. நிப்றாஸ் முதல் பிடி காயைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். றஹ்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினாள். என்னால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. கொடி காய்த்துவிட்டது, என் மனம் ஒரு அணுவும் இலேசாகவில்லை. காய் காய்த்தால் குற்றம் குறையும் என்று யார் எனக்குச் சொன்னது? நான் அநியாயம் செய்தது கொடிக்கு இல்லையே.

ஐம்பதாம் நாள் றஹ்மா தன் மகளின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூதூருக்குப் போயிருந்தாள். நிப்றாஸ் வேலைக்குப் போயிருந்தான். மூன்று மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. தேவைக்கு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாம் என்று மௌலவி பயானில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எது தேவை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய தேவை வாழ்க்கையில் வந்ததில்லை.

"தம்பி" என்றேன்.

அவர் திடுக்கிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "சொல்லுங்க மதினி."

"நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அவர் உங்கள வேணாம் எண்டு சொல்லல்ல. ஒரு நாளும் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் தம்பி வரல்லியா எண்டு கேட்டவர். நான்தான் உங்கள விடல்ல. நீங்க வந்த நேரமெல்லாம் வரல்ல எண்டு அவருக்கும் பொய் சொன்னனான். எனக்குப் பொறாமை தம்பி. என்னோட கதைக்காத மனுசன் உங்களோட கதைக்கிறார் எண்டு பொறாமை. அல்லாஹ்வுக்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க."

அவர் குனிந்து ஒரு இலையைத் திருப்பினார், திருப்பின இலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் எப்பவோ பொறுத்திட்டன் மதினி. அதுக்கு நீங்க அழவேணாம்."

"உங்களுக்கு நான் இப்ப சொல்லிட்டன். அவருக்கு எப்பிடிச் சொல்றது? நீங்க வரல்ல எண்டு நினைச்சிக்கொண்டுதானே கண் மூடினவர்."

ஒழுங்கையால் யாரோ மோட்டார்சைக்கிளில் போனார்கள். சத்தம் அடங்கும் வரைக்கும் முஹம்மது தம்பி காத்திருந்தார்.

"அவருக்குத் தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"கேற்றடியில நீங்க என்னை அனுப்பினதும், நான் இந்த ஒழுங்கையால சுத்தி இஞ்ச வருவன். குஞ்சுகளக் கொடியில விடோணும்தானே. முதல் நாளே யன்னலால என்னைக் கண்டிட்டார். கை காட்டிக் கூப்பிட்டார். நீங்க குசினியில சமைச்சிக்கொண்டிருப்பீங்க. ரெண்டு நிமிசம் யன்னலடியில நிப்பன், பெட்டியத் திறந்து காட்டுவன், போயிருவன். இருபத்திரண்டு நாளும் நான் அவரக் கண்டனான். உங்களிட்டச் சொல்லவேணாம் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். இண்டைக்கு அதையும் முறிச்சிட்டன்."

அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் அந்த மனுசனைக் கண்ட பிறகுதான் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் சொன்ன இருபத்திரண்டு பொய்யையும் பொய் என்று தெரிந்துகொண்டேதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரிஞ்சிக்கொண்டு என்னத்துக்குத் தம்பி என்னட்டக் கேட்டவர்?"

"நானும் அதத்தான் கேட்டனான். 'நிஸா கெட்டவள் இல்ல. அவள் மனம் நொந்துதான் செய்றாள், அது என்ட பிழையும்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தா ஒரு நாளைக்கு அவளாகவே சொல்லுவாள். சொன்னா ரெண்டு பேரும் இருந்து கதைக்கலாம்' எண்டவர். மௌத்தாகிறதுக்கு முதல் நாள் பின்னேரமும், 'இண்டைக்குச் சொல்லுவாள் தம்பி' எண்டு சொன்னவர்."

"கோவமா இருந்தாரா?"

"இல்ல மதினி. கவலையா இருந்தவர்."

கோபம் என்றிருந்தால் நான் தாங்கியிருப்பேன். முப்பத்தொரு வருசத்தில் கோபத்துக்குக் கோபம் கொடுத்துப் பழகியவள். என்னோடு கதைக்க அவருக்கு மூச்சு இருந்திருக்கிறது. நாளைக்கு ஒரு தரம் அந்த மூச்சைச் சேர்த்து வைத்து, ஒரு கேள்வியை என்னிடம் நீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் "வரல்ல" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

முஹம்மது தம்பி பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கும் வாறன் மதினி" என்று சொல்லிப் போனார். பொழுதுபட, மஃரிபுக்கு முன் றஹ்மா திரும்பி வந்தாள். நான் தரையில் கிடந்து அழுவதைப் பார்த்துவிட்டு, "இப்பிடி அழக்கூடாது மதினி, கபுறில இருக்கிற மையித்துக்கு அது வேதனை" என்றாள். எழும்பி முகம் கழுவித் தொழுகைக்கு வுளூச் செய்தேன்.

என் இத்தாவில் இன்னும் எழுபத்தெட்டு நாள் இருந்தது. அந்த எழுபத்தெட்டு நாளும் அஸர் பாங்கு சொன்னதும் அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ஓம், தம்பி வந்தவர். நான்தான் விடல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.